ரோட்டப் பத்தி அவன்கிட்ட சொல்லாத

கண்ணு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதிவிட்டு மற்றதைத் தொடங்குவதுதான் முறை. இந்த ஒரு தடவை அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். அப்பாவின் முதல் வருஷத் திதி முடிந்து, உங்கள் கார் கிளம்பிப் போனதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் சொல்லலாம் என்றால், நீ "இன்னாம்மா, சொல்லு" என்பாய். நான் "ஒண்ணும் இல்லப்பா, சாப்ட்டியா" என்பேன். அதோடு முடிந்துவிடும். நமக்குள் எத்தனையோ பேச்சு அந்த "சாப்ட்டியா"வுக்குள்ளேயே மூடிக் கிடக்கிறது. காகிதம் குறுக்கே பேசாது என்பதால் எழுத உட்கார்ந்துவிட்டேன். நடுவில் கோபம் வந்தால் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படி. உன் கோபம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், என் வயிற்றிலிருந்துதான்.

திதி அன்று இரண்டு விஷயம் நடந்தது. பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது உன் மாமாவிடம் நீ மெதுவாகச் சொன்னாய்: "அப்பாவே வெறுத்துப்போயி ஆஸ்பத்திரிக்குப் போறத வுட்டுட்டாரு மாமா. இல்லன்னா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரு." நான் அந்தப் பக்கம் இலை எடுத்துக்கொண்டிருந்தேன், காதில் விழுந்தது. அப்புறம் நீ போனைத் திறந்து, கூடுவாஞ்சேரிக்கு உள்ளே வாங்கப்போகிற அடுக்குமாடி வீட்டைக் காட்டினாய். கிழக்குப் பார்த்த ஒரு அறை எனக்கு. வழுக்காத டைல்ஸ், பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி, லிப்ட். என் கண்ணுக்கு மாதாமாதம் ஊசி போட வேண்டும் என்பதையும் நீ மறக்கவில்லை. "மேப்ல பாத்தா ஆஸ்பத்திரி பக்கந்தாம்மா. ஞாயித்துக்கெழம நானே கூட்டிகினு போறேன்" என்றாய். அடுத்த மாதம் பத்திரப் பதிவு என்றாய். நான் தலையை ஆட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாது. நீ கையெழுத்துப் போடுவதற்குள் உன்னிடம் சொல்லவேண்டியது இருக்கிறது.

உன் அப்பாவின் நோயிலிருந்தே வருகிறேன், அப்போதுதான் உனக்குப் புரியும். நம் பழைய தெருவில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது, அமாவாசைதான் லீவு. அன்றைக்கு யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். பெண் பார்ப்பதா, பல் பிடுங்குவதா, எல்லாம் அமாவாசைக்குத்தான். சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து அவர் ஆஸ்பத்திரிக்குப் போனதும் அமாவாசைக்குத்தான். வேறு நாளில் போகச் சொன்னால், "ஓடற தறிய நிறுத்திட்டு மாத்திர வாங்கப் போறதா? பேஜாரு" என்பார். சர்க்கரை டாக்டர் வருவது புதன்கிழமை. புதனில் அமாவாசை எப்போதோ ஒருமுறை விழும். மற்ற நாளில் இருக்கிற டாக்டர் பழைய சீட்டைப் பார்த்து அதே மாத்திரையை எழுதித் தருவார். இதைவிடக் கொடுமை, அமாவாசைக்கு உன் தாத்தாவுக்குப் படையல் போட்டுக் காக்காவுக்குச் சோறு வைக்கும்வரை அவர் எதுவும் சாப்பிட மாட்டார். முந்தின ராத்திரியே அரை வயிறு. அந்த வயிற்றோடு காலையில் போய் ரத்தம் கொடுத்தால் சர்க்கரை என்ன காட்டும்? "நல்லா கன்ட்ரோல்ல இருக்குதே" என்பார்கள். பரீட்சையில் பாஸானவர் மாதிரி வீட்டுக்கு வந்து, படைத்துவிட்டு, வடை பாயசத்தோடு இலையில் உட்காருவார். மற்ற நாளெல்லாம் அந்த உடம்புக்குள் என்ன நடந்தது என்று யாரும் பார்க்கவில்லை, நானும்தான். கால் வீங்கி, சிறுநீர் நுரைத்துக்கொண்டு போய், வேலூரில் கொண்டுபோய்க் காட்டியபோது, இரண்டு கிட்னியும் போய்விட்டது, இனிமேல் டயாலிசிஸ்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

உள்ளூரில் இடம் கிடைக்கவில்லை. வேலூரில் வாரம் மூன்று நாள், காலை ஷிப்டு கிடைத்தது. அதை நினைத்தால் இப்போது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது, பழைய வீட்டில் இருந்தவரை அவர் ஒரு நாள்கூடத் தவறவில்லை. விடிவதற்கு முன்னால் இரண்டு பேரும் தெருவைத் தாண்டி, கடைவீதி வழியாக, அவர் நின்று நின்று மூச்சு வாங்க, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போய்விடுவோம். கால் முடியாத நாளில் தாஸ் ஆட்டோ. வாசலிலேயே நிற்கும். வேலூர் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட்டை எங்களுக்கு விட்டுவிடுவார்கள், கண்டக்டர்களுக்கெல்லாம் பழக்கமாகிவிட்டார். இடது கையில் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்களே, அந்த இடத்தில் எப்போதும் கிர்ரென்று ஒரு அதிர்வு இருக்கும். பஸ்ஸில் என் கையை எடுத்து அதன்மேல் வைத்துக்கொள்வார். "நின்னு போன தறி உள்ள ஓடிகினு இருக்குது பாரும்மே" என்பார். நான் கையை வெடுக்கென்று எடுத்துக்கொள்வேன். இப்போது அந்தக் கை கிடைக்குமா என்று இருக்கிறது.

பிறகு அவர் பழைய வீட்டுக் கக்கூஸில் வழுக்கி விழுந்தார். உனக்குத் தாங்கவில்லை. உடனே வந்தாய், பின்கட்டில் இருந்த அந்த இருட்டு அறையைப் பார்த்தாய், படியைப் பார்த்தாய். வந்தவாசி ரோட்டிலிருந்து உள்ளே போகிற இந்த நகரில் மனை வாங்கி, நீயே லீவு போட்டு நின்று, கோடையில் மளமளவென்று வீட்டை எழுப்பினாய். காற்று, வெளிச்சம், உட்கார்ந்து எழ வசதியான கக்கூஸ், கேட்டில் கறுப்புக் கல்லில் அப்பாவின் பெயர். கிரகப்பிரவேசத்தன்று அவர் அந்தப் பெயரைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம பையன் கட்டுன வூடு. உக்காந்து பாருங்க, எப்டி காத்து வருது" என்றார். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். அந்தத் தெருவில் யார் பிள்ளை அப்படிச் செய்தான்? இந்தக் கடிதத்தில் நான் மற்றது எது சொன்னாலும், இதையும் சேர்த்தே படி.

ஆனால் இந்த வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு எவ்வளவு தூரம் என்று நாங்கள் யாரும் நடந்து பார்க்கவில்லை. வெயில் காலத்தில் கெட்டியாகக் கிடந்த மண்ணைப் பார்த்து ரோடு என்று நம்பிவிட்டோம். கழனியை மட்டம் தட்டிக் கல் நட்ட இடம்தானே, முதல் மழைக்கே அது தான் கழனி என்று காட்டிவிட்டது. டவுன் பஸ் உள்ளே வராது. மெயின் ரோட்டில் நின்றாலும் ஸ்டாப் இல்லை என்று நிற்காமல் போய்விடும். தாஸ் நல்லவன், வெயில் இருந்தவரை வந்தான். மழை பிடித்ததும் ஒருநாள் வண்டி சேற்றில் புதைந்து, உன் அப்பாவே இறங்கித் தள்ளினார், அந்தக் கையை வைத்துக்கொண்டு. தாஸ் அழாத குறையாகச் சொன்னான்: "அக்கா, ரோட்டுக்கு மட்டும் அண்ணன கொண்டாந்துடுங்க, நான் அங்க நிக்கறேன். உள்ள வரமுடியாதுக்கா, வண்டி போச்சின்னா எனக்குப் பொழப்பு போச்சு." அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ தீபாவளிக்கு வந்தபோது பேன்டை முட்டிவரை மடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே வந்தாய். "இன்னாம்மா, ஏரிக்குள்ள வூடு கட்டிட்டனா" என்று கேட்டாய். அப்பாவும் சிரித்தார். உன் கால் இளசு, உனக்கு அது விளையாட்டு.

அந்தக் கார்த்திகை மழையில் அவர் ஒரு முறை தவறவிட்டார். கிளம்பி, பாதி வழி வந்து, முட்டி ஆழத் தண்ணீரில் நிற்க முடியாமல் திரும்பிவிட்டோம். அடுத்த முறையும் அதேதான். இதைத்தான் நீ உன் மாமாவிடம் "வெறுத்துப்போயி வுட்டுட்டாரு" என்றாய். வெறுக்கவில்லையடா. அவர் முந்தின ராத்திரியே சட்டையை மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினவர். மூன்றாவது முறை போகவேண்டிய நாள் விடியற்காலையில் படுக்க முடியவில்லை, உட்கார்ந்தால்தான் மூச்சு வந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். அது மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது. பக்கத்து வீடுகளிலிருந்து நான்கு பேர் வந்து, நீ வாங்கிப்போட்ட சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, தோளுக்குத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடந்தார்கள். நான் குடை பிடித்துக்கொண்டு கூடவே போனேன். அந்த நிலையிலும் அவருக்குக் கிண்டல் போகவில்லை. "சாமி புறப்பாடு மாரி தூக்கிகினு போறீங்களேப்பா" என்றார். பிறகு என் பக்கம் குனிந்து, மூச்சுக்கு நடுவில் நடுவில் சொன்னார்: "இம்மே, ரோட்டப் பத்தி அவன்கிட்ட சொல்லாத. பாவம், ஆசையா கட்னான்." ஆம்புலன்ஸ் பாதி வழியில் கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. அவர் பேசின கடைசிப் பேச்சு அதுதான். நான் அதை ஒரு வருஷம் காப்பாற்றினேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, கவிதா என்மேல் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஆடியில் உங்கள் வாடகை வீட்டில் வந்து தங்கினேனே, நீ வாங்கப்போகிற கட்டடத்துக்கு இரண்டு தெரு தள்ளி. கண் ஊசிக்கு செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். நீ காரை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டாய். கவிதா ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். போனில் வண்டி கூப்பிட்டாள். ஒருவன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை, அடுத்தவன் "உள்ள வர்றதில்லம்மா" என்று வைத்துவிட்டான். வெயிலில் நடந்து ரோட்டுக்கு வந்தோம். ஷேர் ஆட்டோவில் ஆணும் பெண்ணுமாக அடைத்துக்கொண்டு ஸ்டேஷன். ஸ்டேஷனில் மேம்பாலம் ஏறி இறங்கினேன், படி எது நிழல் எது என்று எனக்குத் தெரியவில்லை, அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். ரயில், பிறகு பஸ். போய்ச் சேர்ந்தபோது டோக்கன் முடிந்துவிட்டது. அந்த நர்ஸ் பெண் நல்லபடியாகத்தான் சொன்னாள், "ஆன்ட்டி, அடுத்த செவ்வாய் ஜல்தியா வாங்க." அடுத்த செவ்வாய் கவிதாவுக்கு லீவு கிடைக்கவில்லை. டோக்கன் கிடைக்காத அன்றைக்குத் திரும்பி வரும்போது கவிதா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, அவருகிட்ட சொல்லாதீங்க. ஊசி போட்டாச்சின்னே சொல்லிடுங்க. தெரிஞ்சா மனசு ஒடைஞ்சிடுவாரு" என்றாள். உன் அப்பா சொன்ன அதே பேச்சு. அன்றைக்கு ராத்திரி நீ, "இன்னாம்மா, வலிச்சுதா" என்று கேட்டாய். நான் "இல்லப்பா, எறும்பு கடிச்ச மாரி இருந்துது" என்றேன்.

உன்மேல் எல்லோருக்கும் அவ்வளவு பாசம். சின்ன வயதில் நீ களிமண்ணில் பிள்ளையார் செய்துகொண்டு வந்தாய். தும்பிக்கை ஏன் வலது பக்கம் போகிறது என்று கேட்டதற்கு ஒரு பொழுது முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தாய். அன்றிலிருந்து நீ செய்வது எதிலும் நாங்கள் குறை சொல்வதில்லை. அந்தப் பழக்கம் உன் அப்பாவைச் சேற்றில் தூக்கிக்கொண்டு போகிற வரைக்கும் வந்துவிட்டது. நீ மோசமான பிள்ளையாக இருந்திருந்தால் நான் எப்போதோ வாய்விட்டுத் திட்டியிருப்பேன், காரியமும் நடந்திருக்கும்.

நீ திதியன்று சொன்னதை ராத்திரியெல்லாம் யோசித்துப் பார்த்தேன். "ஞாயித்துக்கெழம நானே கூட்டிகினு போறேன்." கண்ணு, எனக்கு ஊசி போடுகிற டாக்டர் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. உன் அப்பாவுக்கு அமாவாசை என்றால் உனக்கு ஞாயிற்றுக்கிழமை. நீ தறியில் உட்காராதவன், ஏசி போட்ட கம்பெனியில் வேலை செய்கிறவன், ஆனால் நெசவாளி வீட்டுப் புத்தி உன்னை விடவில்லை. நமக்கு லீவு என்றைக்கோ அன்றைக்குத்தான் நோயையும் கூப்பிட்டு உட்காரவைப்போம். அது நம் லீவுக்குக் காத்திருக்காது என்று உன் அப்பா படித்த பாடம் அவரோடு போகக் கூடாது. அதற்காகத்தான் அவர் பேச்சை மீறுகிறேன். அவர் மேலே இருந்து என்னை முறைக்கட்டும், போய்ச் சேர்ந்ததும் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

உன்னோடு வரமாட்டேன் என்று சொல்லவில்லை. இந்தத் தனி வீட்டில் பெயர்க் கல்லைத் துடைத்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பேன்? வருகிறேன். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எனக்காக ஒரு காரியம் செய். ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போடு. காரை வீட்டிலேயே விட்டுவிடு. ஒரு கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொள். சிரிக்காதே, நிஜமாகவே கட்டிக்கொள். அந்தக் கிழக்குப் பார்த்த அறையின் வாசலிலிருந்து புறப்பட்டு, கண் டாக்டர் வாசல்வரை போய், திரும்பி வா. மழை பெய்தால் இன்னும் நல்லது. நடுவில் கால் வலித்தால் உட்கார இடம் இருக்கிறதா பார். ஒண்ணுக்கு வந்தால் எங்கே போவது என்றும் பார், ஆம்பிளை பார்ப்பது மாதிரி பார்க்காமல். எல்லாம் முடிந்து, அம்மா இதில் மாதாமாதம் போய்வருவாள் என்று உனக்கே தோன்றினால், நான் பெட்டியைக் கட்டுகிறேன். தோன்றவில்லை என்றால் லிப்ட் வேண்டாம், கம்பி வேண்டாம், டைல்ஸ் வேண்டாம். பஸ் நிற்கிற ரோட்டோரமாக அங்கேயே ஏதாவது பழைய வீட்டில் ஒரு போர்ஷன் வாடகைக்குப் பிடி. ஹாரன் சத்தத்தில் தூக்கம் வராது என்று கவிதா சொல்வாள், நான் தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகினவள். அதுவும் முடியாது என்றால், நம் பழைய தெருவிலேயே எனக்கு ஒரு அறை பார்த்துக் கொடு, தாஸ் வாசலுக்கு வருவான்.

நீ இதைப் படித்துவிட்டு அழுவாய், தெரியும். அழு. இந்த வீட்டை நீ கட்டியதால்தான் அப்பா போய்விட்டார் என்று மட்டும் நினைக்காதே. அவர் போனதற்கு அமாவாசை இருக்கிறது, வடை பாயசம் இருக்கிறது, பார்த்தும் பாராமல் பரிமாறின நான் இருக்கிறேன், ரோடு போடாமல் மனை விற்றவன் இருக்கிறான். உன் பங்கு அதில் கடுகளவு. அந்தக் கடுகைத்தான் அவர் உனக்குத் தெரியாமல் மறைத்துவிட்டுப் போனார். நான் அதைச் சொல்லிவிட்டேன், ஏனென்றால் நீ இன்னொரு வீடு வாங்கப் போகிறாய்.

எழுத்து கோணலாக, ஒரு வரிமேல் இன்னொரு வரி ஏறியிருக்கும். பொறுத்துக்கொண்டு படி. ஆடியில் தவறிப்போன ஊசிக்குப் பிறகு, இங்கேயும் மழையில் போகாமல் விட்டுவிட்டேன். திதி அன்று நீ எனக்கு இடது பக்கம் உட்கார்ந்து பிண்டம் வைத்தாய். நான் கழுத்தை ஒடித்துக்கொண்டு திரும்பித் திரும்பி உன்னைப் பார்த்தேன். நான் அழுகிறேன் என்று நினைத்து, "வுடும்மா, அப்பா நல்லபடியா போயிட்டாரு" என்று என் முதுகைத் தடவிக்கொடுத்தாய். நான் அழவில்லை. இடது கண்ணில் இப்போது உன் முகம் வருவதில்லை, தலைக்கு மேலே கொஞ்சம் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. அதனால்தான் அப்படித் திரும்பினேன்.

நலம் என்பதைக் கடைசிக்கு வைத்திருந்தேன் அல்லவா. வலது கண் நலம். அது இருக்கும்போதே ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போடு.

அம்மா